மீன் மாநிலத்துக்கு, மண் ஒன்றியத்துக்கு: கடலில் நம்ம கோடு எங்கே?

தோழர்களே, ஒரு சின்னக் கேள்வி. தமிழ்நாட்டுக் கடற்கரை எத்தனை கிலோமீட்டர்?

மாநில மீன்வளத் துறையைக் கேட்டால் 1,076 என்பார்கள். ஒன்றிய அரசின் பட்டியலில் பல பத்து ஆண்டுகளாக 906.9 என்றே இருந்தது. உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கை வந்ததும் அது 1,068.69 ஆகிவிட்டது. ஒரே அறிக்கையில் நம்ம கரை சுமார் 162 கிலோமீட்டர் நீண்டுவிட்டது!

புதுசா நிலம் எதுவும் முளைக்கல. பழைய கணக்கு 1970-களில் சிறிய அளவுகோல் வரைபடத்தை வைத்து எடுத்தது. இப்போது பெரிய அளவுகோல் வரைபடத்தில் முகத்துவாரம், கழி, வளைவு எல்லாத்தையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அதே நேரம் இன்னொரு கணக்கையும் பாருங்க. ஒன்றிய அரசின் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை கரையின் நகர்வை ஆராய்ந்தது. தமிழ்நாட்டுக் கரையில் 42.7 விழுக்காடு அரிப்புக்கு ஆளாகி இருக்கிறது என்று அது சொல்கிறது. காகிதத்துல கரை நீளுது, ஊருக்குள்ள கரை கரையுது.

இதுல நமக்கு என்ன வந்தது, அது அளவைக்காரங்க வேலை என்று தோன்றலாம். அப்படி இல்லை. கரை எது என்பதை வைத்துத்தான் கடல் யாருடையது என்ற கணக்கே தொடங்குகிறது. எந்தப் படகு எங்கே வலை போடலாம், எந்த வீடு விதிமீறல், கடலுக்கு அடியில் இருக்கும் மணலும் எண்ணெயும் யார் கணக்கில் சேரும் என்பதெல்லாம் அங்கிருந்து அளந்து வருவதுதான். அந்தக் கோட்டை வரையும் இடத்தில் தமிழ்நாட்டுக்கு நாற்காலி போடவில்லை என்பதுதான் நம்ம பிரச்சினை.

*ஒரே தண்ணியில் எத்தனை கோடு?*

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மாநிலப் பட்டியல் 21-ஆவது இனம்: மீன்வளம். ஒன்றியப் பட்டியல் 57-ஆவது இனம்: நாட்டின் கடல் எல்லைக்கு அப்பால் உள்ள மீன்பிடிப்பு. அந்தக் கடல் எல்லை 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் என்று 1976-ஆம் ஆண்டு கடல் மண்டலங்கள் சட்டம் சொல்கிறது. ஆக 12 மைல் வரைக்கும் மீன் நம்ம பொறுப்பு. அதனால்தான் 1983-ல் தமிழ்நாடு தனக்கென்று கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் போட முடிந்தது.

இப்போ பிரிவு 297-ஐப் பாருங்க. கடல் எல்லைக்குள் தண்ணீருக்கு அடியில் இருக்கும் நிலம், கனிமம், மதிப்புள்ள எல்லாப் பொருளும் ஒன்றியத்துக்கே சேரும். 1950-லிருந்தே இப்படித்தான். 1963-ல் 15-ஆவது திருத்தம் கண்டத்திட்டையும் சேர்த்துக்கொண்டது. 1976-ல் 40-ஆவது திருத்தம் 200 கடல் மைல் வரையிலான பிரத்யேக பொருளாதார மண்டலத்தையும் சேர்த்துக்கொண்டது.

அதாவது ஒரே இடம். மேலே நீந்துற மீன் மாநிலத்தோடது. அந்த மீன் முட்டையிடுற பார், அதுக்குக் கீழே இருக்குற மணல், எண்ணெய் எல்லாம் ஒன்றியத்தோடது. பாரை உடைச்சா மீன் இருக்குமா? மீனைக் காப்பாத்துற பொறுப்பை ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டு, மீன் வாழுற தரையை இன்னொருத்தர் ஏலம் விடுற ஏற்பாடு இது.

இதோடு முடியல. மாநில விதிப்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. அந்த இடம் நாட்டுப்படகு, பைபர் படகு, கட்டுமரத்துக்கு. இந்த 5 மைலைக் கரையிலிருந்து அளக்கணும். அந்த 12 மைலை அடிக்கோட்டிலிருந்து அளக்கணும். அடிக்கோட்டுக்கான புள்ளிகளை ஒன்றிய அரசு 2009-ல் அரசிதழில் வெளியிட்டது. அப்புறம் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு இருக்கு. அதுக்குக் கடல் ஏறும்போது தண்ணி தொடுற கோடுதான் கணக்கு. அதை வரையறுக்கிற அதிகாரமும் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம்.

மூன்று கோடு, மூன்று அலுவலகம். உலக நாடுகளுக்குக் காட்ட நிலையான புள்ளிகள் இருக்கின்றன. மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் நடுவே, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு கோடு, ஒரே ஒரு கோடு, இருக்கிறதா? இல்லை.

சுருக்குமடி வலை வழக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு அந்த வலையைத் தடை செய்தது. 2023 ஜனவரி 24-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள், காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை பயன்படுத்தலாம் என்றது. படகு கிளம்புறது நம்ம துறைமுகம். போய் வர்றது நம்ம கடல். வலை விழுறது 13-ஆவது மைல்ல. மத்தியும் சூரையும் எத்தனாவது மைல்ல இருக்கோம்னு பார்த்தா நீந்துது? ஆதரிக்கிற மீனவரும் எதிர்க்கிற மீனவரும் கரையில மோதிக்கிட்டாங்க. கோடு போட்டது சட்டம், அடி வாங்கினது ஊர்.

*கரை ஓரிடத்தில் நிற்காது*

கடற்கரை என்பது வரப்பு மாதிரி இல்லை. கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. குறுக்கே ஒரு சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும்.

இதுக்குப் பாடம் படிக்க வேற எங்கேயும் போக வேண்டாம். சென்னைக்கு வாங்க. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் எழும்பியது. அதன் தெற்கே மணல் குவிந்து நாம் பெருமையாகச் சொல்லும் மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி கரை கடலுக்குள் போனது. அங்கே இன்று நாம் பார்ப்பது கருங்கல் குவியல். ஒரே சுவர் ஒரு பக்கம் உலாவுறதுக்கு மணல் கொடுத்தது, இன்னொரு பக்கம் குடியிருந்தவன் வாசலைப் பறித்தது.

புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்குச் சுவர் கட்டினார்கள். நகரத்தின் கடற்கரை மணலே காணாமல் போய் பாறைகள்தான் மிஞ்சின. அரிப்பு அங்கே நிற்கவில்லை. எல்லை தாண்டி தமிழ்நாட்டுக்குள், விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை வந்தது. கட்டியது ஒன்றியப் பிரதேசம், இழந்தது மாநிலத்தின் ஊர்கள். மணலுக்கு எந்தச் சோதனைச் சாவடியும் கிடையாது.

இப்போ சட்டக் கேள்வி. வீட்டு மனைக்குப் பட்டா இருக்கு. மனை கடலுக்குள்ள போயிடுச்சு. பட்டா கொடுத்தது மாநில வருவாய்த் துறை. கடலுக்கு அடியில் போன நிலம் பிரிவு 297-ன்படி ஒன்றியத்துக்கா? கரை அங்கிருந்து நூறு மீட்டர் உள்ளே வந்தால் 5 மைல் கோடும் நூறு மீட்டர் உள்ளே வருமா? பின்வாங்காமல் நிற்கும் வீடு, கடல் பக்கத்தில் வந்துவிட்டதால் மட்டும் விதிமீறல் ஆகிவிடுமா? வீடு நகரல, கடல்தான் நகர்ந்தது. ஆனா நோட்டீஸ் வீட்டுக்குத்தான் வரும்.

*செலவு இங்கே, வரவு அங்கே*

12 கடல் மைலுக்குள் கடலோரக் காவல் யார் பொறுப்பு? மாநில போலீஸ். தமிழ்நாடு 1994-லேயே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டுவது? பெரும்பாலும் மாநிலத்தின் செலவு. புயலில் வலை போனால், படகு உடைந்தால் முதலில் போய் நிற்பது மாவட்ட நிர்வாகம். மீன்பிடித் தடைக்காலத்தில் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுப்பதும் மாநிலம்.

வரவைப் பாருங்க. நிலத்தில் எண்ணெய் எடுத்தால் உரிமத்தொகை மாநிலத்துக்கு வரும். அதே எண்ணெயைக் கடலில் எடுத்தால் ஒன்றியத்துக்குப் போகும். திருவாரூரில் எடுத்தால் நமக்கு, அந்தக் காவிரிப் படுகையே கடலுக்குள் நீளும் இடத்தில் எடுத்தால் டெல்லிக்கு. மும்பைக் கடலில் 1974-ல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். மகாராஷ்டிரத்துக்கும் இதே கதைதான்.

2024 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நிலத்தில் உள்ள கனிம உரிமைகள் மீது வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. வரவேற்றோம். ஆனால் அந்த உரிமை கரையோடு நின்றுவிடுகிறது. கால் நனைந்த அடுத்த நொடி மாநிலம் காணாமல் போகிறது.

2002-ஆம் ஆண்டு கடல்சார் கனிமச் சட்டத்தை 2023-ல் திருத்தி ஏலத்துக்கு வழி திறந்தார்கள். 2024 நவம்பர் 28-ல் 13 தொகுதிகளுக்கு முதல் ஏலம் அறிவித்தார்கள். குஜராத் கடலில் சுண்ணாம்புச் சேறு, கேரளத்தின் கொல்லம் கடலில் கட்டுமான மணல், கிரேட் நிக்கோபார் கடலில் பல உலோகக் கனிமம். கேரள மீனவர்கள் கொதித்தார்கள், கடலோரமே கடையடைத்தது. 2025 மார்ச் 4-ல் கேரளச் சட்டமன்றம் ஒருமனதாக எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசமே இல்லை. ஆனா தீர்மானத்துக்குச் சட்டப்படி என்ன பலன்? அந்தச் சட்டத்தில் மாநிலத்தின் சம்மதம் என்று ஒரு சொல்லே இல்லையே!

நம்ம பக்கம் வாங்க. 2025-ல் அறிவித்த எண்ணெய், எரிவாயு ஏலத்தில் மன்னார் வளைகுடா ஆழ்கடலில் 9,990.96 சதுர கிலோமீட்டர் சேர்ந்தது. பவளப்பாறையும் கடற்பசுவும் வாழ்கிற கடல் பக்கத்தில்தான். கடல் காற்றாலைக்கு 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் திட்டம் போட்டது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். காற்றாலை நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. ஆனால் கடல் தரையைக் குத்தகைக்கு விடும் விதிகள் 2023-ல் ஒன்றியம் போட்டது. குத்தகைப் பணம் அங்கே போகும். துறைமுகம், மின்பாதை, மீனவரோடு பேச்சுவார்த்தை எல்லாம் இங்கே.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஜி.எஸ்.டி. சட்டத்தைப் பாருங்க. 2017-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 9-ஆவது பிரிவு, 12 கடல் மைலுக்குள் நடக்கும் வணிகம் பக்கத்துக் கடலோர மாநிலத்தில் நடந்ததாகவே கருதப்படும் என்கிறது. அடிக்கோட்டின் எந்தப் புள்ளி அருகில் இருக்கிறதோ, அந்தப் புள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலம். அப்போ கடலை மாநிலத்தோடு சேர்த்துப் பார்க்க ஒன்றியத்துக்கே தெரியும்! அதுக்குச் சட்டம் எழுதவும் தெரியும்! மேலே கப்பலில் நடக்கும் விற்பனைக்கு அந்தக் கடல் தமிழ்நாடு. கீழே கிடக்கும் கனிமத்துக்கு மட்டும் அது தமிழ்நாடு இல்லையா?

*மற்ற நாடுகள் எப்படித் தீர்த்தன?*

உலகத்துல நமக்கு மட்டும் வந்த சண்டை இல்லை இது. கூட்டாட்சி இருக்கும் நாடுகளில் எல்லாம் வந்தது. அங்கே பேசித் தீர்த்தார்கள்.

அமெரிக்காவில் 1947-ல் உச்ச நீதிமன்றம் கலிபோர்னியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கரையோரக் கடலடி நிலம் கூட்டரசுக்கே என்றது. மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. அரசியல் களத்தில் போராடின. 1953-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டு 3 மைல் வரையிலான கடலடி நிலத்தை மாநிலங்களுக்கே கொடுத்தது. டெக்சஸுக்கும் புளோரிடாவின் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துக்கும் சுமார் 9 கடல் மைல். நீதிமன்றம் இல்லை என்றதை அரசியல் கொடுத்தது. இதை நாம் மனதில் வைக்கணும்.

அதோடு சண்டை ஓயவில்லை. கரை நகர்ந்தால் கோடும் நகர்ந்தது. லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரம் கரைந்துகொண்டே இருக்கிறது. 1932-லிருந்து சுமார் 2,000 சதுர மைல் நிலத்தை அந்த மாநிலம் கடலுக்குப் பறிகொடுத்தது. நிலம் போகப் போக மாநிலத்தின் கடல் எல்லையும் உள்ளே வரும் நிலை, அதோடு எண்ணெய் வருமானமும் போகும். அலாஸ்காவில் இன்னொரு கூத்து. ஒரு மணல் திட்டு சில நேரம் தண்ணிக்கு மேலே தெரியும், சில நேரம் முழுகிடும். அது தீவு என்றால் அதைச் சுற்றியுள்ள கடலடி மாநிலத்துக்கு, இல்லை என்றால் கூட்டரசுக்கு. 1979-ல் போன வழக்கு 1997-ல்தான் முடிந்தது. தீவு இல்லை என்று தீர்ப்பு. ஒரு திட்டுக்குப் பதினெட்டு வருஷம்!

இந்த அனுபவத்தில் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 1986-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். உச்ச நீதிமன்றம் புள்ளிகளாகக் குறித்துக் கொடுத்த எல்லை இனி அசையாது, கரை எங்கே போனாலும் சரி. 2014-ல் கலிபோர்னியாவும் கூட்டரசும் சேர்ந்தே போய்க் கேட்டு, அப்படி நிலையான எல்லையை வாங்கிக்கொண்டன. பணத்திலும் ஏற்பாடு உண்டு. மாநில எல்லையை ஒட்டிய 3 மைல் கூட்டரசுக் கடலில் வரும் வருமானத்தில் 27 விழுக்காடு மாநிலத்துக்கு. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி மெக்சிகோ வளைகுடாவின் சில பகுதிகளில் 37.5 விழுக்காடு நான்கு கரையோர மாநிலங்களுக்கு. லூசியானா அதைக் கரையைக் காக்கச் செலவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் 1975-ல் உயர் நீதிமன்றம் மாநிலங்களைத் தோற்கடித்தது. ஜெயித்த ஒன்றியம் என்ன செய்தது? மாநிலங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. 1979-ல் உடன்பாடு, 1980-ல் சட்டங்கள். 3 கடல் மைல் வரை மாநிலத்துக்கு. அதற்கு அப்பால் பெட்ரோலியத்துக்கு இரண்டு அரசின் அமைச்சர்களும் சேர்ந்த கூட்டு அமைப்பு.

கனடாவில் 1984-ல் நியூஃபவுண்ட்லாந்து உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அடுத்த ஆண்டே, 1985-ல், ஒப்பந்தம். கடல் எண்ணெய்க்குக் கூட்டு வாரியம், நிலத்தில் கிடைத்தது போலவே மாகாணம் வருமானம் பெறலாம் என்ற ஏற்பாடு.

மூன்று நாட்டிலும் ஒரே பாடம்தான். நீதிமன்றத்தில் மாநிலம் தோற்றது, பேச்சுவார்த்தையில் பங்கு கிடைத்தது. எந்த நாடும் இதனால் உடையவில்லை.

*"கடல் எல்லை நாட்டுப் பாதுகாப்பு விஷயமாச்சே?"*

இந்தக் கேள்வி நேர்மையானது. நேர்மையாகவே பதில் சொல்வோம். கடற்படையும் வேண்டாம், வெளிநாட்டு ஒப்பந்த அதிகாரமும் வேண்டாம். இறையாண்மை இந்திய நாட்டுக்கு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. நாம் கேட்பது நிர்வாகத்தில் குரல், வருமானத்தில் பங்கு, நகராத ஒரு கோடு. அமெரிக்காவில் டெக்சஸுக்குப் பங்கு கொடுத்ததால் அந்நாட்டுக் கடற்படை பலவீனமாகிவிட்டதா?

பாதுகாப்பு என்ற பெயரில் மாநிலத்தைக் கேட்காமல் கோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே பாடம் இருக்கு. 1974-லும் 1976-லும் இலங்கையோடு கடல் எல்லை ஒப்பந்தம் போட்டார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் சம்மதம் இல்லை. கச்சத்தீவு போனது. ஐம்பது ஆண்டு கழித்து 2025 ஏப்ரல் 2-லும் நம் சட்டமன்றம் அதை மீட்கச் சொல்லித் தீர்மானம் போட வேண்டியிருக்கிறது. டெல்லி அறையில் வரைந்த கோட்டுக்கு ராமேஸ்வரத்து மீனவர் படகையும் சிறைவாசத்தையும் விலையாகக் கொடுக்கிறார்.

"கடல் எல்லா இந்தியருக்கும் சொந்தம், கடலே இல்லாத மாநிலத்துக்கும் பங்கு வேணாமா?" என்றும் கேட்பார்கள். வேணும். ஆனா இப்போ அவங்களுக்கும் கிடைக்கல. கடல் எண்ணெய், கனிமத்தின் உரிமத்தொகை வரி கிடையாது. அதனால் நிதி ஆணையம் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகுப்பில் அது சேராது. பீகாருக்கும் வராது, தமிழ்நாட்டுக்கும் வராது. முழுசும் ஒன்றியத்தின் கணக்கில் நிற்கும்.

*நம்ம வீட்டுக் குப்பையையும் பேசுவோம்*

மாநிலத்திடம் அதிகாரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் ஏமாற்ற மாட்டோம். தென் மாவட்டக் கரைகளில் ஆண்டுக்கணக்கில் தாதுமணல் அள்ளியது மாநில அதிகாரிகளின் கண் முன்னால்தான். 2013-ல்தான் தடை வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கலந்தது மாநில அரசின் அனல்மின் நிலையத்திலிருந்தும்தான். ஓர் ஊரைக் காக்கக் கட்டிய தூண்டில் வளைவு அடுத்த ஊரின் கரையை அரித்த கதை கடலோரம் முழுக்க உண்டு.

அதனால் டெல்லியிடமிருந்து பிடுங்கிக் கோட்டையில் பூட்டி வைக்கும் அதிகாரத்தை நாம் கேட்கவில்லை. அது கடற்கரைக் கிராமம் வரை இறங்கி வரணும். மாநிலச் சுயாட்சி என்பது மேசையை மாற்றுவது மட்டும் இல்லை, மக்கள் உட்கார நாற்காலி போடுவது.

*நம் கோரிக்கைகள்*

1. அசையாத கோடு. தமிழ்நாட்டுக் கடல் 12 கடல் மைல் என்பதைப் புள்ளிகளாகக் குறித்து, ஒன்றியமும் மாநிலமும் சேர்ந்து அளந்து, இரண்டு அரசின் அரசிதழிலும் வெளியிட வேண்டும். அடிக்கோட்டுக்கு 2009-ல் செய்ய முடிந்ததை இதற்கும் செய்ய முடியும். கரை அரித்தாலும் அந்தக் கோடு உள்ளே வரக் கூடாது. கடல் தின்ற நிலத்துக்காக மாநிலத்தை இன்னொரு முறை தண்டிக்கக் கூடாது. நாட்டுப்படகுக்கான 5 மைல் கோட்டையும் இதே போல் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும்.

2. சம்மதம் இல்லாமல் ஏலம் இல்லை. கடல்சார் கனிமச் சட்டத்தைத் திருத்தி, 12 மைலுக்குள் மாநிலத்தின் முன் ஒப்புதல் கட்டாயம் என்று எழுத வேண்டும். அதற்கு அப்பால் ஒன்றியம், மாநிலம், மீனவர் பிரதிநிதிகள் சேர்ந்த கூட்டு வாரியம் முடிவு செய்ய வேண்டும். ஒன்றியத்தின் பணிகளை மாநிலத்திடம் ஒப்படைக்க அரசியல் சட்டத்தின் 258-ஆவது பிரிவில் ஏற்கெனவே வழி இருக்கிறது. தொடங்குவதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

3. வருமானத்தில் பங்கு. கடல் எண்ணெய், எரிவாயு, கனிமம், காற்றாலைக் குத்தகை ஆகிய நான்கிலும் கடலோர மாநிலத்துக்குச் சட்டப்படி பங்கு வேண்டும். அதில் ஒரு பகுதியை அரிப்புத் தடுப்புக்கும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் மட்டுமே செலவிடும் தனி நிதியாக வைக்க வேண்டும்.

4. கடல் தின்ற மனைக்கு மாற்று மனை. பட்டா வைத்திருந்து நிலத்தை இழந்த மீனவக் குடும்பத்துக்கு அதே ஊரில், அல்லது தொழில் செய்யும் தூரத்துக்குள், வீட்டு மனை வேண்டும். கடல் நெருங்கி வந்ததால் மட்டும் பழைய வீட்டை விதிமீறல் என்று சொல்லக் கூடாது.

5. வரைபடம் தமிழில், கிராம சபையில். கடலோர மண்டல வரைபடத்தை மீன் இறங்கு தளம், வலை காயப்போடும் இடம், படகு ஏற்றும் இடம் எல்லாம் குறித்து, கிராம சபையில் விரித்து வைத்துப் படித்துக் காட்டிய பிறகே இறுதி செய்ய வேண்டும்.

6. கடலோர மாநிலங்களின் கூட்டணி. கேரளம், ஆந்திரம், ஒடிசா, மகாராஷ்டிரம், குஜராத், யார் ஆண்டாலும் பரவாயில்லை, அனைத்து முதலமைச்சர்களையும் அழைத்துத் தமிழ்நாடு ஒரு மாநாடு கூட்ட வேண்டும். இதையெல்லாம் பேச வேண்டிய மாநிலங்களுக்கு இடையிலான மன்றம் 2016 ஜூலைக்குப் பிறகு பல ஆண்டுகள் கூடவே இல்லை. அவங்க கூப்பிடலன்னா நாம கூப்பிடுவோம். மாநில சுயாட்சியை ஆராயத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அமைத்த நீதிபதி குரியன் ஜோசப் குழுவின் முன்னும் கடல் உரிமை தனி அத்தியாயமாக வர வேண்டும்.

தோழர்களே, கடலோர ஒன்றியங்களில் இருக்கும் நம் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் பகிர்ந்தால் மட்டும் போதாது. உங்க ஊர்ல கரை இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்கே இருந்ததுன்னு பெரியவங்களைக் கேளுங்க. கோயில் எங்கே இருந்தது, மாதா குருசடி எங்கே இருந்தது, படகை எங்கே ஏத்தினாங்கன்னு எழுதி வைங்க. பழைய போட்டோ இருந்தால் சேருங்க. கடலுக்குள் போன மனைகளின் பட்டா நகலை வாங்கி ஊர் வாரியாகத் தொகுத்து மாவட்ட அலுவலகத்தில் கொடுங்க. நாளைக்குப் பேச்சுவார்த்தை மேசையில் ஒன்றிய அரசு செயற்கைக்கோள் படத்தை விரிக்கும்போது, நாம் விரிக்க ஊர்க்காரர் கையெழுத்துப் போட்ட வரைபடம் இருக்கணும்.

அலை எங்கே நிற்கும் என்று யாரும் உத்தரவு போட முடியாது. ஆனா கோட்டை எங்கே போடணும் என்பதைப் பேசி முடிவு பண்ணலாம். அந்தப் பேச்சில் தமிழ்நாடு இருக்கணும், தமிழ்நாட்டின் பக்கத்தில் மீனவர் இருக்கணும்.

கரை காப்போம்! கடல் உரிமை மீட்போம்!

#கடல்_உரிமை #மாநில_சுயாட்சி #அசையாத_கோடு